விரல் அறிந்த கட்டியும் கதிர் அறிந்த கட்டியும்

தென்னை மரத்தில் தேள் கொட்டப் பனை மரத்தில் நெறி கட்டியதாம் என்று தமிழர் பகடியாகச் சொல்வதுண்டு. சம்பந்தமில்லாத இடத்தில் வீண் பரபரப்புக் காட்டுவோரை இடித்துரைக்க எழுந்த பழமொழி அது. ஆயினும் அந்தப் பகடிக்குள்ளே நல்ல உடற்கூற்றுண்மை ஒன்று அடங்கியிருக்கிறது. காலில் முள்ளுத் தைத்துப் புண் சீழ் பிடித்தால் தொடையிடுக்கில் நெறி கட்டுகிறது. கைவிரலில் நகச்சுற்று வந்தால் அக்குளில் ஓர் உருண்டை திரள்கிறது. பல்லிற் சூத்தை விழுந்தால் தாடையின்கீழ் வீக்கம் காண்கிறது. புண் ஓரிடம், கட்டி வேறோரிடம். கிராமத்து மூதாட்டிமார் இதனை நெடுங்காலமாக அறிந்திருந்தனர். நெறியைக் கண்டு அவர்கள் பெரிதாக அஞ்சியதில்லை. புண் எங்கே என்று தேடினார்கள்; புண் ஆறினால் நெறியும் வற்றிவிடும் என்று அமைதியாயிருந்தார்கள்.

இன்றைய நிலைமை வேறு. நாட்பட்ட இருமலுக்காகவோ, வயிற்று நோவுக்காகவோ, வீதி விபத்தில் அடிபட்டதனாலோ ஒருவர் சீ.ரி. ஸ்கான் எடுக்கிறார். தேடிச் சென்ற நோய் அங்கே அகப்படுவதில்லை. ஆனால் அறிக்கையின் அடியில், நெஞ்சினுள்ளோ வயிற்றினுள்ளோ சில நிணநீர்க் கணுக்கள் பருத்துக் காணப்படுகின்றன என்று ஒரு வரி எழுதப்பட்டிருக்கிறது. அன்றிரவே அவருடைய உறக்கம் போய்விடுகிறது. தொட்டுப் பார்த்தால் எதுவும் இல்லை, நோவும் இல்லை. முள்ளுத் தைத்த நாளில் நெறியைப் பொருட்படுத்தாத அதே குடும்பம், இந்த ஒற்றை வரியைக் கண்டு நடுங்குகிறது. நெறி என்பதும் பருத்த நிணநீர்க் கணு என்பதும் ஒரே பொருள்தான். ஒன்று அச்சந் தராமலும் மற்றொன்று அச்சந் தந்தும் நிற்பதற்கான காரணம் வைத்திய வரலாற்றிலே கிடக்கிறது.

நிணநீர்க் குழாய்கள் மிகப் பிந்தியே மனிதர் கண்ணுக்குப் புலப்பட்டன. இரத்தத்தைப்போற் செந்நிறம் அவற்றுக்கு இல்லை. தெளிந்த நீரைச் சுமக்கும் மெல்லிய குழாய்கள் சுற்றியுள்ள இழையத்தோடு கலந்து மறைந்து கிடக்கும். 1622 ஆம் ஆண்டு யூலை மாதம் இத்தாலிய உடற்கூற்றறிஞர் கஸ்பாரே அசெல்லி என்பவர், வேறொன்றைக் காண்பதற்காக ஒரு நாயின் வயிற்றைத் திறந்தார். சற்று முன்னரே உணவுண்டிருந்த நாய் அது. குடலைத் தாங்கும் சவ்வின்மீது வெண்ணிற இழைகள் வலைபோற் படர்ந்திருந்தன. நரம்புகள் என்றே அவர் முதலில் எண்ணினார். ஒன்றை வெட்டியபோது பால்போன்ற நீர் வெளிப்பட்டது. உணவிலிருந்த கொழுப்பு நிணநீரோடு கலந்தமையாலேயே அக்குழாய்கள் அன்று வெண்மையாய்த் தெரிந்தன. பட்டினி கிடந்த நாயில் அவை தெரியவில்லை. அசெல்லியின் நூல் அவர் இறந்தபின்னர், 1627 இல், நிறந்தீட்டிய படங்களோடு வெளிவந்தது. 1651 இல் பிரான்சிய அறிஞர் ழான் பெக்கே, இந்நீர் நெஞ்சினூடாக மேலேறும் பெருங்குழாயொன்றின் வழியே கழுத்தடி நாளங்களிற் கலக்கிறது என்று காட்டினார். 1653 இல் டென்மார்க்கின் தோமஸ் பார்தொலின் இக்குழாய்களுக்கு நிணநீர்க் குழாய்கள் என்னும் கருத்துடைய இலத்தீன் பெயரைச் சூட்டினார். சுவீடனின் ஒலொவ் றுட்பெக் தாமே முதலிற் கண்டவர் என வழக்குரைத்தார். அந்தப் பூசல் இங்கு நமக்கு வேண்டியதில்லை.

வேண்டியது இதுவே. உடலெங்கும் படர்ந்த அந்தக் குழாய்களின் வழியில், ஆற்றின் குறுக்கே கட்டிய அணைபோல, அவரை விதை வடிவான சிறு கணுக்கள் ஏறக்குறைய 600 அமைந்திருக்கின்றன. புண்ணிலிருந்து புறப்படும் கிருமியும் கழிவும் அடுத்துள்ள கணுவிலே தடுக்கப்படுகின்றன. அங்கே வெண்குருதிக் கலங்கள் பெருகுகின்றன, கணு பருக்கிறது. பருத்தல் என்பது அந்தக் கணு தன் தொழிலைச் செய்கிறது என்பதற்கு அடையாளம். ஆனால் அதே பருத்தல் வேறு காரணத்தாலும் நிகழலாம். தடுக்க வேண்டிய அணைக்குள்ளேயே பகைவன் குடிகொள்வதுண்டு. அணைக்காரனே பகைவனாக மாறுவதும் உண்டு. இவற்றைப் பிரித்தறிவது எப்படி என்ற கேள்விதான் பின்வந்த நூற்றாண்டுகளை ஆட்டி வைத்தது.

பிரித்தறியாத காலத்தில் எல்லா வீக்கமும் ஒரே பெயரில் அடங்கின. கழுத்தைச் சுற்றி மணி கோத்தாற்போற் கட்டிகள் தோன்றும் நோயைத் தமிழ் வைத்தியம் கண்டமாலை என்றது. கண்டம் என்றால் கழுத்து. பெயரிலேயே நோயின் தோற்றம் வந்துவிடுகிறது. இங்கிலாந்திலோ அதற்கு அரசனின் நோய் என்று பெயர். அரசன் கை பட்டாற் குணமாகும் என்ற நம்பிக்கையால் எழுந்த பெயர் அது. 1660 இல் அரியணை ஏறிய இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் தம் ஆட்சியில் 90,000 பேருக்கு மேற்பட்டோரைத் தொட்டதாகக் கணக்குண்டு. 1712 இல், பின்னாளில் ஆங்கில அகராதி இயற்றிப் புகழ்பெற்ற சாமுவேல் ஜோன்சன், மூன்று வயதும் நிரம்பாத குழந்தையாக இலண்டனுக்குக் கொண்டுவரப்பட்டு ஆன் அரசியின் கையால் தொடப்பட்டார். நோய் மாறவில்லை. கட்டியை அறுத்த தழும்பு கழுத்திலே கடைசிவரை இருந்தது. ஆயினும் அரசி அணிவித்த பொன் நாணயத்தை ஜோன்சன் வாழ்நாள் முழுவதும் கழற்றவில்லையாம். மருந்து பலிக்காத இடத்தில் மனிதர் எதைப் பற்றிக்கொள்கிறார்கள் என்பதற்கு, அறிவிற் சிறந்த அந்த மனிதரே சான்று. 1714 இல் ஆன் அரசி மறைந்த பின்னர் இங்கிலாந்தில் இவ்வழக்கம் ஒழிந்தது.

கணு வீக்கத்தில் வேறுபாடு காணத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர் தோமஸ் ஹொட்ஜ்கின். 1798 இல் இலண்டனுக்கு அருகே, குவேக்கர் எனப்படும் எளிய வாழ்வுடைய சமயக் குழுவினரின் குடும்பத்திற் பிறந்தவர். எடின்பரோவிற் படித்துப் பாரிஸ் சென்று, நெஞ்சொலி கேட்கும் குழலைக் கண்டுபிடித்த லேனெக்கிடமே அதன் பயன்பாட்டைக் கற்று வந்தார். 1820களின் நடுப்பகுதியில் இலண்டன் கைஸ் வைத்தியசாலையில் பிணப் பரிசோதனைக்கும் நோயுறுப்புக் காட்சிச்சாலைக்கும் பொறுப்பானார். உயிருள்ள நோயாளரை மேற்பார்க்கும் பெரும் பதவி அவருக்கு வாய்க்கவில்லை. இறந்தோரின் உறுப்புக்களைச் சாடியிலிட்டுப் பெயரெழுதி வைப்பதே தொழில்.

அந்தத் தொழிலிலேதான் ஒன்று அவர் கண்ணிற் பட்டது. சிலரின் உடலில் கழுத்திலும் அக்குளிலும் நெஞ்சுள்ளும் வயிற்றுள்ளும் கணுக்கள் பருத்திருந்தன. பலருக்கு மண்ணீரலும் கெட்டிருந்தது. கசநோயின் அடையாளம் இல்லை. அருகே புண்ணும் இல்லை. ஏழு பேரின் விவரங்களைத் தொகுத்து அவர் எழுதிய கட்டுரை 1832 ஜனவரியில் இலண்டன் வைத்தியர் சங்கமொன்றில் வாசிக்கப்பட்டது. அவர் அச்சங்கத்தின் உறுப்பினர் அல்லர் ஆதலால் சங்கச் செயலாளரே அதை வாசித்தார். அக்கட்டுரையின் உயிர்நாடி ஒரே கருத்தில் இருக்கிறது. வேறெங்கோ உள்ள புண்ணின் எரிச்சல் வந்து சேர்ந்ததனால் இக்கணுக்கள் பருக்கவில்லை. நோய் இக்கணுக்களிலேயே முதலில் தோன்றியது போலும் என்று ஹொட்ஜ்கின் எண்ணினார். பனை மரத்தில் நெறி கட்டியிருக்கிறது. தென்னை மரத்திலோ தேள் இல்லை என்று கண்டார் எனலாம்.

இதனை அவர் வெறுங்கண்ணாலேயே கண்டார் என்பது வியப்புக்குரியது. 1827 இல் ஜோசப் ஜக்சன் லிஸ்டர் என்பாரோடு சேர்ந்து, அக்காலத்தின் மிகச் சிறந்த நுணுக்குக்காட்டியினால் செங்குருதிக் கலத்தின் வடிவை ஆராய்ந்து எழுதியவர் அவர். ஆயினும் இந்தக் கணுக்களை அவர் அதன்கீழ் வைத்துப் பார்க்கவில்லை. கட்டுரையும் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1837 இல் கைஸ் வைத்தியசாலையில் எதிர்பார்த்த பதவி மறுக்கப்பட அவர் விலகினார். வட அமெரிக்கப் பழங்குடியினரை வணிகக் கம்பனியொன்று நடத்திய விதத்தைக் கண்டித்து, அக்கம்பனியோடு தொடர்புடைய வைத்தியசாலைப் பொருளாளரின் பகையைத் தேடிக்கொண்டது ஒரு காரணம் என்பர். எஞ்சிய வாழ்நாளைப் பெரும்பாலும் ஒடுக்கப்பட்டோர் நலனுக்கே செலவிட்டார். 1866 இல் நண்பர் மோசஸ் மொன்டிபியோரோடு பலஸ்தீனம் சென்றவிடத்து யாப்பா நகரில் வயிற்றுளைவு நோயால் இறந்தார். அதற்கு ஓராண்டு முன்னர்தான், கைஸ் வைத்தியசாலையின் சாமுவேல் வில்க்ஸ் அந்த நோய்க்கு ஹொட்ஜ்கினின் நோய் என்று பெயரிட்டிருந்தார். தாமே அதைக் கண்டதாக வில்க்ஸ் முன்பு எண்ணியிருந்தார். பழைய கட்டுரையைக் கண்டதும் உரிமையை முன்னோருக்கே விட்டுக்கொடுத்தார். இத்தகைய பெருந்தன்மை விஞ்ஞான வரலாற்றில் அடிக்கடி காணக் கிடைப்பதன்று. சாடிகள் மட்டும் அழியாமல் இருந்தன. 1926 இல் அவற்றிலிருந்து எடுத்த இழையத்தை நுணுக்குக்காட்டியில் ஆராய்ந்தபோது, ஹொட்ஜ்கினின் நோயாளர் சிலருக்கு இருந்தது அந்த நோயே என்பது உறுதியாயிற்று.

இதே காலத்தில் கட்டி இருக்கும் இடமும் பேசக் கற்றுக்கொண்டது. ஜேர்மனியின் றுடோல்ப் வேர்கோ 1848 இல், வயிற்றிலே புற்றுநோய் உள்ளவர்க்கு இடப்புறக் காறையெலும்பின் மேலுள்ள கணு பருப்பதைக் குறித்தார். பெக்கே கண்ட பெருங்குழாய் இடக் கழுத்தடியிலே சென்று முடிவதனால், வயிற்றின் செய்தி அங்கே வந்து சேர்கிறது. காறையெலும்பின்மேல் தோன்றும் கணுவை வைத்தியர்கள் இன்றும் எளிதாக விட்டுவிடுவதில்லை. தொடையிடுக்கிலோ தாடையின்கீழோ உள்ள சிறு கணுவுக்கு அத்தனை மரியாதை கிடையாது. வெறுங்காலோடு நடப்பவனுக்கும் பல் பழுதுபட்டவனுக்கும் அங்கே சற்றுப் பருத்த கணு இருப்பது இயல்பு.

1882 இல் றொபேட் கொக் கசநோய்க் கிருமியைக் காட்டினார். கண்டமாலையின் பெரும்பகுதி கசநோயே என்பது தெளிந்தது. எஞ்சியவற்றுள் ஹொட்ஜ்கினின் நோயும் கசநோயின் ஒரு வடிவமோ என்ற ஐயம் எழுந்தது. வியன்னாவின் கார்ல் ஸ்டேர்ன்பேர்க் 1898 இல் அந்நோயின் கணுக்களிலே பெருங்கலம் ஒன்றை விவரித்தும், அது கசநோயே என்று கருதினார். 1902 இல் அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸில் பணிபுரிந்த இளம் பெண் வைத்தியர் டொறதி றீட் அந்தக் கலத்தைத் துல்லியமாய் வரைந்து காட்டி, இது கசநோய் அன்று, தனி நோய் என்று நிறுவினார். இரு கருக்களோடு ஆந்தையின் முகம்போல் விழித்து நோக்கும் அந்தக் கலம் இன்றும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. பெண் என்ற காரணத்தால் ஆசிரியப் பதவி தமக்கு அங்கே கிடையாது என்றறிந்து றீட் அந்த இடத்தை விட்டு நீங்கினார். கணுவின் உண்மையைக் கண்ட இருவருக்கும் கிடைத்த சன்மானம் ஒன்றுபோலவே இருந்தது.

இவ்வளவும் அறிந்த பின்னரும் நோயாளிக்குக் கிடைத்தது பெரும்பாலும் பெயர் மட்டுமே. கணுவை வெட்டி நோக்கினால் இன்ன நோய் என்று சொல்லலாம். மாற்ற வழி இல்லை. பருத்த கணு என்ற சொல்லோடு மரணபயம் ஒட்டிக்கொண்டது இக்காலத்திலேதான். அதற்கு நியாயமும் இருந்தது. கட்டி கையில் அகப்படும் அளவுக்கு வளர்ந்து, புண்ணேதுமின்றி வாரக்கணக்காய் நின்று, காய்ச்சலும் இரவு வியர்வையும் உடல் மெலிவும் சேர்ந்த பின்னரே வைத்தியரிடம் வந்தவர்கள் அவர்கள்.

பின்னர் நிலைமை மாறியது. 1950 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் வேரா பீற்றேர்ஸ் என்ற பெண் வைத்தியர், நோய் பரவுமுன் கதிர்ச் சிகிச்சை பெற்றோரிற் பலர் நீண்டகாலம் வாழ்வதைக் கணக்கோடு எடுத்துக் காட்டினார். கலிபோர்னியாவின் ஸ்டான்போர்டில் ஹென்றி கப்லன் புதிய கதிர்ப்பொறிகளால் அவ்வழியை விரித்தார். 1970 இல் வின்சென்ட் டெவிற்றா குழுவினர் நான்கு மருந்துகளை ஒன்றுகூட்டிக் கொடுத்துப் பரவிய நோயையும் அடக்கியதை வெளியிட்டனர். மரணத்தின் மறுபெயராக இருந்த ஹொட்ஜ்கினின் நோய், இன்று பெரும்பான்மையோர் குணமடையும் புற்றுநோய்களுள் ஒன்று.

ஆனால் சிகிச்சை வந்தவுடன் புதிய தேவை ஒன்றும் வந்தது. நோய் எதுவரை பரவியுள்ளது என்று தெரிந்தால் அல்லவோ கதிரை எங்கே பாய்ச்சுவது என்று முடிவு செய்யலாம்? உடலுக்குள்ளே மறைந்த கணுக்களைக் காண வேண்டும். 1895 நொவெம்பரில் றொண்ட்கன் கண்ட எக்ஸ்-கதிர் எலும்பைக் காட்டியது. நெஞ்சினுள் மிகப் பருத்த கணுவின் நிழலையும் காட்டியது. வயிற்றின் ஆழத்திற் கிடந்த கணுக்களை அது காட்டவில்லை. 1952 இல் இலண்டனின் ஜோன் கின்மொன்த் ஒரு வழி வகுத்தார். பாதத்தின் தோலின்கீழ் நீலச் சாயத்தைச் செலுத்தினால் நிணநீர்க் குழாய் அதை உறிஞ்சி நீலக்கோடாய்த் தெரியும். நூலினும் மெல்லிய அக்குழாயினுள் ஊசியை நுழைத்து, எக்ஸ்-கதிரில் தெரியக்கூடிய திரவத்தைச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார். பின்னர் எண்ணெய் கலந்த திரவங்கள் பயன்பட்டபோது அவை கணுக்களிலே மாதக்கணக்காய்த் தங்கின. சில மணிநேரம் அசையாது படுத்துக் கிடப்பது நோயாளியின் பாடு. பொறுமை வைத்தியரின் பாடு.

அதனினும் கடுமையான முறை 1960களின் இறுதியில் ஸ்டான்போர்டிலிருந்து பரவியது. வயிற்றைத் திறந்து, மண்ணீரலை அகற்றி, கணுக்களிலே துண்டெடுத்துப் பார்ப்பதே அம்முறை. ஆயிரக்கணக்கானோர் இந்தச் சத்திர சிகிச்சைக்கு உட்பட்டனர். அதனால் விளைந்த பாடம் ஒன்றுண்டு. பருத்திருந்த மண்ணீரல்களுட் பலவற்றில் நோய் இருக்கவில்லை. இயல்பான அளவில் இருந்த சிலவற்றில் நோய் இருந்தது. பருமன் நம்பத்தக்க சாட்சி அன்று என்பது அப்போதே தெளிவாகியது. மண்ணீரல் இழந்தோருக்குக் கடுங்கிருமித் தொற்று நேரும் அபாயம் வாழ்நாள் முழுவதும் இருந்தமையாலும், சிகிச்சைகள் மேம்பட்டமையாலும், நூற்றாண்டின் முடிவுக்குள் அம்முறை வழக்கொழிந்தது.

இதற்கிடையில் 1971 ஒக்டோபர் 1 ஆம் திகதி, இலண்டன் விம்பிள்டனில் உள்ள அட்கின்சன் மோர்லி வைத்தியசாலையில், கொட்பிறி ஹவுன்ஸ்பீல்ட் என்ற பொறியியலாளர் அமைத்த இயந்திரத்தில் முதல் நோயாளியின் தலை படம் பிடிக்கப்பட்டது. எக்ஸ்-கதிரைப் பல கோணங்களிலே பாய்ச்சி, கிடைத்த அளவுகளைக் கணனியால் கூட்டி, உடலைப் பாண் துண்டுபோல் நறுக்கிக் காட்டும் முறை அது. சில ஆண்டுகளுள் தலைக்கு மட்டுமன்றி முழு உடலுக்கும் இயந்திரங்கள் வந்தன. ஹவுன்ஸ்பீல்டும், அக்கணிதத்தை முன்னரே ஆராய்ந்த அலன் கோர்மக்கும் 1979 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஹொட்ஜ்கின் பிணத்தை அறுத்துக் கண்டதை, கின்மொன்த் மணிக்கணக்காக ஊசி ஏற்றிக் கண்டதை, இந்த இயந்திரம் எவர்க்கும் சில நொடியிற் காட்டியது. எவர்க்கும் என்ற சொல்லிலேதான் சிக்கல். முன்னர் கணுவைத் தேடியது நோயாளியிடத்தில் மட்டுமே. இப்போது சிறுநீர்க் கல்லுக்காக வந்தவரின் கணுவும் தெரிந்தது. விபத்தில் அடிபட்டவரின் கணுவும் தெரிந்தது. உயிரோடும் நலத்தோடும் உள்ள மனிதரின் உட்கணுக்கள் எவ்வளவு பருமன் உடையவை என்பது அதுவரை தெளிவாக வரையறுக்கப்பட்டிருக்கவில்லை. 1980களில் அந்த அளவெடுப்பு நடந்தது. நெஞ்சினுள்ளே இயல்பான கணுக்களின் தொகையையும் பருமனையும் வகுத்த ஆய்வுகள் வெளிவந்தன. கணு அவரை விதைபோல் நீண்டிருப்பதனால், எத்திசையில் நறுக்கினாலும் அதிகம் மாறாத குறுக்களவே அளவுகோலாயிற்று. 10 மில்லிமீற்றர் என்ற எல்லை பொதுவழக்காக நிலைத்தது.

எல்லை என்ற ஒன்று வந்தவுடன் அதற்கு இப்பாலும் அப்பாலும் மனிதர் பிரிந்தனர். 9 மில்லிமீற்றர் என்றால் நிம்மதி, 11 என்றால் கலக்கம். இயற்கை அத்தகைய கோடு எதையும் வரைந்ததில்லை. நுரையீரற் புற்றுநோய் உள்ளோரிடத்தில் இந்த எல்லை எவ்வளவு செம்மையாய்ப் பேசுகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2013 இல் அமெரிக்க நெஞ்சு வைத்தியர்கள் கணக்கிட்டனர். புற்றுநோய் பரவிய கணுக்களை உடைய 100 பேரில் ஏறக்குறைய 55 பேரையே அது பிடித்தது. பரவாத 100 பேரில் 19 பேரைப் பரவியதாகக் காட்டியது. புற்றுநோய் உறுதியானவர்களிடத்திலேயே இப்படியானால், அந்நோய் எதுவுமில்லாது தற்செயலாய்ப் படம் எடுத்தவரிடத்தில் 11 என்ற எண்ணுக்கு என்ன பொருள் இருக்கமுடியும்? இருமல், புகை, பழைய கசநோயின் வடு, இருதயத் தளர்ச்சி ஆகிய எதுவும் நெஞ்சுக் கணுவைச் சிறிது பருக்கச் செய்யும். வேறு அடையாளம் எதுவுமில்லாத ஒருவருக்கு நெஞ்சினுள் தற்செயலாய்க் கண்ட கணுவின் குறுக்களவு 15 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மேலும் ஆராய வேண்டியதில்லை என்று அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் குழு 2018 இல் அறிவுறுத்தியது. அஞ்ச வேண்டிய எல்லை பின்னே தள்ளப்பட்டது.

கையில் அகப்படும் கணுக்களுக்கும் இத்தகைய கணக்கு ஒன்று உண்டு. நெதர்லாந்தில் காரணம் தெரியாத கணு வீக்கத்தோடு குடும்ப வைத்தியரிடம் சென்ற 2,556 பேரைப் பற்றி 1988 இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. அவர்களுட் புற்றுநோய் இருந்தது 29 பேருக்கு. நூற்றுக்கு ஒன்றுக்குச் சற்று மேல். நாற்பது வயது கடந்தோரில் அது நூற்றுக்கு 4 ஆக உயர்ந்தது. பெரும்பான்மை அச்சம் வீண் என்று இதனாற் சொல்லலாம். அந்த 29 பேரை எண்ணினால் எல்லா அச்சமும் வீண் என்று சொல்ல முடியாது. கசநோய் மறையாத நம் தென்னாசியாவில், கழுத்துக் கணுவின் பின்னே மருந்தால் மாறக்கூடிய கண்டமாலை ஒளிந்திருப்பதும் உண்டு.

ஐயத்தைத் தீர்க்க வழிகள் இல்லாமலில்லை. நியூயோர்க்கில் 1930 இல் விவரிக்கப்பட்ட ஊசியுறிஞ்சு முறை, 1959 இல் சுவீடனின் எரிக் கார்லன்ஸ் கழுத்தடியிற் சிறு துளையிட்டு நெஞ்சுக் கணுவை எட்டிய முறை, பின்னாளில் மூச்சுக்குழாய் வழியே செவிப்புலனாகா ஒலியின் துணையோடு ஊசி செலுத்தும் முறை என்று அவை வளர்ந்தன. சர்க்கரை போன்ற கதிர்வீசும் பொருளை ஏற்றி, அதை மிகுதியாய் உண்ணும் இழையத்தை ஒளிரச் செய்யும் பெற் ஸ்கானும் வந்தது. ஆயினும் அதிலே புற்றுநோய் ஒளிர்வதுபோலவே கசநோயும் ஒளிர்கிறது. கிருமியோடு போரிடும் நல்ல கணுவும் ஒளிர்கிறது. இறுதியில் வைத்தியர்கள் பெரிதும் நாடுவது மிகப் பழைய கருவி ஒன்றையே: காலம். சில வாரமோ மாதமோ கழித்து மீண்டும் படமெடுத்துப் பார்ப்பது. எதிர்த்தாக்கத்தாற் பருத்த கணு பெரும்பாலும் சுருங்கும், அல்லது அப்படியே நிற்கும். கெட்ட கணு வளரும். வைத்தியருக்கு இது எளிய தீர்ப்பு. அந்தச் சில மாதத்தையும் வீட்டிலிருந்து கழிக்க வேண்டியவருக்கு அப்படியன்று. கழுத்தை நாளுக்குப் பத்துமுறை தடவிப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்; ஓயாது அழுத்தினால் அவ்விடம் நோகத் தொடங்கி அச்சத்தை இரட்டிப்பாக்குவதும் உண்டு.

இந்த வரலாற்றின் மிகப் புதிய அத்தியாயம் 2021 இல் நடந்தது. முந்திய ஆண்டின் இறுதியிலே கொவிட் நோய்க்குத் தடுப்பூசி ஏற்றத் தொடங்கினார்கள். சில வாரங்களுள், மார்பகப் படமும் பெற் ஸ்கானும் எடுத்துவந்த நிலையங்களில் விநோதம் ஒன்று காணப்பட்டது. ஒரே பக்கத்து அக்குளில் கணுக்கள் பருத்த பெண்கள் அடுத்தடுத்து வந்தனர். மார்பகப் புற்றுநோய் முதலிற் பரவும் இடமும் அக்குளே. முன்பு அந்நோய் கண்டு சிகிச்சை பெற்று, மீண்டும் வருமோ என்று ஆண்டுதோறும் பயத்தோடு வருபவர்களும் அவர்களுள் இருந்தனர். விசாரித்தபோது, கணு பருத்த அதே பக்கத்துத் தோளில் அவர்கள் தடுப்பூசி பெற்றிருந்தனர். ஊசியின் செய்தியை அக்குட் கணு பெற்று, தன் கடமையைச் செய்துகொண்டிருந்தது.

அமெரிக்காவின் மார்பகப் படவியற் சங்கம் 2021 ஜனவரியில் ஓர் அறிவுரை வெளியிட்டது. அவசரமில்லாத மார்பகப் படத்தை முதல் ஊசிக்கு முன்போ, இரண்டாம் ஊசிக்கு நான்கு முதல் ஆறு வாரம் பின்போ எடுக்கலாம் என்றது. அடுத்த ஆண்டில் அதைத் திருத்தி, ஊசிக்காகப் படத்தைத் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லியது. கணு பருத்ததற்குக் காரணம் தெரிந்துவிட்ட பின்னர், காத்திருப்பதனால் உண்மையான நோய் தாமதமாவதே பெரிய கேடாகத் தோன்றியது. அதன் பின்னர் பல நிலையங்களிலே படம் எடுக்க வருவோரிடம் புதிய வினா ஒன்று கேட்கப்பட்டது. அண்மையில் ஊசி போட்டீர்களா, எந்தக் கையில், எந்த நாளில் என்று கேட்டு எழுதிக்கொண்டார்கள். நெறியைக் கண்டதும் புண் எங்கே என்று மூதாட்டி கேட்ட கேள்விதான் அது.